ஒன்பது துப்பாக்கிக்கு ஒன்பது வகைத் தோட்டா



இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஊழியர் சேமநிதியைப் பற்றியதாக இருக்கும். மீதியில் பாதி, மகள் கல்யாணத்தைப் பற்றியதாக இருக்கும். துப்பாக்கியைப் பற்றி ஒரு கடிதம் வருமென்று நான் எதிர்பார்த்ததில்லை. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவர் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையில் வேலை பார்த்து, இப்போது ஓய்வில் இருக்கும் பெரியவர்.

அவருடைய அக்காள் மகன் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் எஞ்சினியராம். நிரந்தரக் குடியிருப்பு பெற்று, கல்யாணமாகி, ஒரு பிள்ளையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுடும் மைதானத்துக்குப் போய்ப் பழகி, ஒன்றில் ஆரம்பித்து இப்போது வீட்டு அலமாரியில் ஒன்பது துப்பாக்கி! கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்புகிறான். ஒன்றுக்குப் போடும் தோட்டா மற்றதற்குப் பொருந்தாதாம். "இன்னும் ஒன்று வாங்கப் போகிறேன் மாமா, அது வேறு வகைத் தோட்டா" என்கிறானாம். அக்காளுக்குத் தூக்கமில்லை. "நீ சொன்னால் கேட்பான், சொல்லேன்டா" என்று தம்பியைப் பிடித்துக் கொண்டிருக்கிறார். "துப்பாக்கியே வேண்டாமென்றால், இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு மாமா என்று வாயை அடைத்து விடுகிறான். நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்கிறார் பெரியவர். கடைசி வரியில், தீபாவளிக்கு வரும்போது வகைக்கு ஒன்றாகத் தோட்டா எடுத்து வந்து காட்டுவதாகப் பையன் சொல்லியிருப்பதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரியவரே, துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று அவனோடு வழக்காடாதீர்கள். அந்த வழக்கு அமெரிக்காவிலேயே தீரவில்லை. அவன் தட்ட முடியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். "எத்தனை வகைத் தோட்டா வைத்துக் காப்பாற்ற உன்னால் முடியும்?" என்று கேளுங்கள். துப்பாக்கி சேர்ப்பவர்கள் தங்களுக்குள்ளேயே ஓயாமல் பேசிக் கொள்ளும் விஷயம் அது. கேட்பவர் விவரம் தெரிந்து கேட்கிறார் என்றால் பிள்ளைகளும் காது கொடுப்பார்கள்.

விவரத்துக்கு வருவோம். குழலின் உள்வாய் அளவைக் காலிபர் என்கிறார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் அதை அங்குலத்தில் சொல்வார்கள், மற்ற ஐரோப்பியர் மில்லிமீட்டரில் சொல்வார்கள். .22 என்றால் அங்குலத்தில் நூறில் இருபத்திரண்டு பங்கு. நம் தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்ட வைத்திருந்தார்களே, அந்த வேட்டைத் துப்பாக்கிக்கு மட்டும் கணக்கு வேறு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான பன்னிரண்டு உருண்டையாக உருட்டினால், அதில் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் புகுமோ அது 12 போர். இருபது உருண்டையாக்கினால் 20 போர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. எண் ஒன்றாக இருந்தால் தோட்டாவும் ஒன்றாகத்தான் இருக்குமென்று நினைத்தால் மோசம் போவோம். 9 மில்லிமீட்டர் என்ற பெயரில் ஜெர்மானியர் 1900களின் தொடக்கத்தில் செய்த தோட்டாவின் கூடு 19 மி.மீ. நீளம். ரஷ்யர்களின் 9 மி.மீ. தோட்டாவின் கூடு 18 மி.மீ., அதன் குண்டும் ஒரு நூல் பருமன். இன்னொரு குட்டை 9-இன் கூடு 17 மி.மீ. மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாகாது. .38 என்று பெயர் வைத்த ரிவால்வர் தோட்டாவின் குண்டை அளந்து பார்த்தால் .357 தான் இருக்கும்! ஜப்பான்காரன் இன்னும் மேலே போனான். அவனுடைய கடற்படை வைத்திருந்த 7.7 மி.மீ. தோட்டா, வெள்ளைக்காரனின் .303 தோட்டாவை அப்படியே பார்த்துச் செய்தது. அவனுடைய தரைப்படையின் 7.7 அதைவிட நீளமான வேறு தோட்டா. ஒரே ராஜ்யம், ஒரே எண், கப்பலில் ஒன்று, கரையில் ஒன்று.

பெரியவர் அனுப்பிய படங்களையும் பையன் எழுதிய குறிப்பையும் வைத்து நான் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். .22 ரைபிள், 9 மி.மீ. கைத்துப்பாக்கி, .45 கைத்துப்பாக்கி, .38 ரிவால்வர், இராணுவத் தோற்றத்தில் ஒரு .223 ரைபிள், மான் வேட்டைக்கான .30-06 ரைபிள், 12 போர் ஒன்று, 20 போர் ஒன்று, கடைசியாக ஜப்பானியப் படையின் பழைய 7.7 ரைபிள். ஒன்பதுக்கு ஒன்பது! ஒன்றுகூடச் சோடி சேரவில்லை. பத்தாவதாக வாங்கப் போவது '.300 பிளாக்கவுட்' என்ற புது வகை.

நம் வீட்டில் மூன்று டார்ச் லைட் இருந்து, மூன்றுக்கும் மூன்று அளவுப் பேட்டரி என்றால் என்ன நடக்கும்? மின்சாரம் நின்ற இரவில் கைக்கு அகப்படுவது எப்போதும் பொருந்தாத பேட்டரியாகத்தான் இருக்கும். துப்பாக்கியும் அந்த இனம். அதை வாங்குவது ஒரு தடவை, தீனி போடுவது ஆயுள் முழுக்க. ஒவ்வொரு வகைக்கும் இருநூறு தோட்டா வைத்தாலே ஒன்பது வகைக்கு ஆயிரத்து எண்ணூறு ஆயிற்று. குழல் துடைக்கும் பிரஷ்கூட அளவுக்கு ஒன்று வேண்டும். இத்தனைக்கும் ஆள் ஒருவன், ஞாயிற்றுக்கிழமையும் ஒன்றுதான். ஒன்பதையும் வைத்துக் கொண்டு ஒன்றிலும் கை திருந்தாதவர்களைப் பற்றி அமெரிக்கர்களே கேலி பேசுகிறார்கள்.

பணம் போனால் போகட்டும். கை போகக்கூடாது அல்லவா? அவனுடைய பட்டியலில் எனக்குப் பயம் தந்த இடம் 12 போரும் 20 போரும் ஒரே அலமாரியில் இருப்பது. 20 போர்த் தோட்டா சிறியது. அதைத் தெரியாமல் 12 போர்க் குழலில் போட்டால் வாயிலேயே நிற்காது, வெளியேயும் விழாது. உள்ளே வழுக்கிக் கொண்டு போய், குழல் ஒடுங்கும் இடத்தில் சிக்கிக் கொள்ளும். விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் தோட்டா இருக்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். "அடடா, போட மறந்து விட்டேன்" என்று சரியான 12 போர்த் தோட்டாவைப் பின்னால் போட்டு மறுபடி இழுப்பார்கள். முன்னே அடைத்துக் கொண்டிருப்பதன் மேல் பின்னதன் வெடிப்பு போய் மோதும். குழல் பிளக்கும். பிளக்கிற இடம், சுடுபவர் இடக்கையால் தாங்கிப் பிடிக்கும் இடத்துக்குப் பக்கம். இந்த விபத்து எத்தனையோ பேருக்கு நடந்ததனால்தான் 20 போர்த் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்று வழக்கம் வைத்தார்கள். வேட்டைக்குப் போகும் அவசரத்தில், பனியில், அரையிருட்டில், சட்டைப்பைக்குள் கைவிட்டு எடுக்கிறவன் நிறம் பார்த்தா எடுக்கிறான்?

பத்தாவதாக வாங்க நினைக்கிறானே, அந்த .300 பிளாக்கவுட் இதைவிடப் பொல்லாதது. 2011இல் அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற வகை அது. .223-இன் கூட்டையே குறுக்கி, அதன் வாயில் தடித்த குண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். தோட்டா அடுக்கும் பெட்டியும் இரண்டுக்கும் ஒன்றே. சௌகரியம் என்று சொல்லி விற்பது இதைத்தான். ஆபத்தும் இதுவேதான். பெட்டி மாறி .300 தோட்டா .223 ரைபிளுக்குள் போய்விட்டால் சில சமயம் கதவு மூடிக் கொள்ளும். பிறகு தடித்த குண்டை மெல்லிய குழலுக்குள் வெடிமருந்து தள்ளப் பார்க்கும். துப்பாக்கி வெடித்துச் சிதறும். .223 ஏற்கெனவே வீட்டில் இருப்பவன் இதை வாங்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். வாங்கித்தான் தீருவேன் என்றால் இரண்டையும் ஒரே நாளில் மைதானத்துக்கு எடுத்துப் போகக்கூடாது. இதை மட்டும் அவனிடம் சொல்லி, வேறொன்றும் சொல்லாவிட்டாலும் உங்கள் பேச்சுக்குப் பலனுண்டு.

பையன் ஒரு பதில் வைத்திருப்பான். "பல வகை இருந்தால் ஒன்று கிடைக்காத காலத்தில் இன்னொன்று கைகொடுக்கும் மாமா" என்பான். அதில் நியாயமில்லாமல் இல்லை. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சட்டம் கடுமையாகி விடுமோ என்று மக்கள் வாங்கிக் குவித்தார்கள். மற்ற வகைகளைவிட மலிவான .22 தோட்டாகூட அதன் பிறகு நெடுங்காலம் சுலபத்தில் கிடைக்கவில்லை. 2020, 2021 தொற்றுக் காலத்திலும் கடைத் தட்டுகள் காலியாயின. எல்லாரும் வைத்திருக்கும் 9 மி.மீ.தான் முதலில் மறைந்தது. யாரும் கேட்காத வகைகள் சில வாரம் தட்டிலேயே கிடந்தன. அதைப் பார்த்தவர்கள்தான் "பல வகையே நல்லது" என்று பேசத் தொடங்கினார்கள்.

அந்தக் கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும். அரிய வகைகளும் ஒருநாள் தீர்ந்தன. தீர்ந்ததும் தொழிற்சாலைகள் எதை முதலில் செய்யும்? லட்சம் பேர் கேட்பதைத்தானே! எல்லா இயந்திரங்களும் 9க்கும் .223க்கும் ஓடின. அரிய வகைகள் எப்போதுமே ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு முறை என்று சிறு அளவில் செய்யப்படுபவை. அவை வரிசையின் கடைசிக்குப் போயின. ஆக, பல வகை வைத்திருப்பவன் பஞ்சத்தின் முதல் மாதம் சிரிப்பான். இரண்டாம் ஆண்டில் அவனிடம் இருப்பது வெறும் இரும்பும் கட்டையும்தான். சில வகைகளை மட்டும் வைத்து, நல்ல காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவன்தான் இரண்டாம் ஆண்டையும் தாண்டுவான்.

இராணுவங்கள் இந்தப் பாடத்தை எப்போதோ படித்து விட்டன. பிரிட்டிஷ் படை 1880களின் இறுதியில் .303-ஐ எடுத்துக் கொண்டு, இரண்டு உலகப் போர்களையும் அதை வைத்தே நடத்தியது. சிப்பாயின் ரைபிளுக்கும் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா. 1954இல் நேட்டோ நாடுகள் கூடி 7.62 என்று ஒன்றை வகுத்துக் கொண்டன. 1980இல் 5.56-ஐயும் சேர்த்தன. நம் நாட்டுப் படையையே பாருங்கள். எம்16 வந்தது. 1990களில் நம் மண்ணிலேயே உரிமம் பெற்றுச் செய்த ஸ்டையர் வந்தது. அதற்குப் பிறகு எம்4 வந்தது. துப்பாக்கி இரண்டு முறை மாறியும் தோட்டா அதே 5.56 தான். நாட்டின் கஜானாவே இப்படிக் கணக்குப் பார்க்கும்போது, வீட்டுக்காரன் பார்க்க வேண்டாமா?

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் காட்டிலேயே இருந்தது. 1945 டிசம்பரில் ஜப்பானிய எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதங்களில் ஒரு பகுதியை ஒப்படைக்காமல் காட்டில் புதைத்து வைத்தார்கள். போர்க்காலத்தில் பிரிட்டிஷ்காரர் விமானத்திலிருந்து இறக்கிக் கொடுத்தவையும், ஜப்பானியரிடம் பறித்தவையும் அதில் கலந்திருந்தன. 1948 ஜூன் 16இல் உங்கள் சுங்கை சிப்புட்டில்தான் எல்ஃபில் தோட்டத் துரை உட்பட மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. காட்டில் இருந்தவர்களுக்குத் தோட்டாத் தொழிற்சாலை கிடையாது. போலீஸ் நிலையத்தைத் தாக்கிப் பறித்தால்தான் உண்டு. பறித்தால் கிடைப்பதோ .303-உம், ஸ்டென் துப்பாக்கிக்கான 9 மி.மீ.யும். ஜப்பானிய ரைபிள் வைத்திருந்தவனுக்கு அது எதற்காகும்? தன் கைத் தோட்டா தீர்ந்த அன்றே அவன் துப்பாக்கி ஊன்றுகோலாகி விட்டது.

சரி, எத்தனைதான் வைக்கலாம்? ஒரு கேள்வி கேட்டுக் கொண்டால் பாதி தெளிவாகி விடும். இது சுடவா, பார்க்கவா? அஞ்சல்தலை சேகரிப்பவர் கடிதம் போடுவதற்காகவா சேகரிக்கிறார்? சரித்திரத்துக்காகச் சேர்ப்பவனிடம் முப்பது வகை இருக்கட்டுமே! அவனுக்குத் தோட்டாவே தேவையில்லை. இங்கிலாந்துச் சட்டமே இந்த வேற்றுமையைப் பார்க்கிறது. தோட்டா வழக்கொழிந்து போன சில பழைய துப்பாக்கிகளை அலங்காரப் பொருளாக உரிமமின்றி வைத்துக் கொள்ளலாம் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. குற்றவாளிகள் அந்தப் பழையவற்றுக்கும் தோட்டா செய்து உபயோகிக்கத் தொடங்கியதால் 2021இல் ஏழு வகைகளைப் பட்டியலிலிருந்து எடுத்து விட்டார்கள். தோட்டா உண்டா இல்லையா என்பதை வைத்தே அது பொம்மையா ஆயுதமா என்று தீர்மானிக்கிறார்கள்.

சுடுவதற்கென்றால் நான்கு வகை போதும். ஐந்தாவதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். பையனுடைய அலமாரியைப் பிரித்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். .22 இருக்கட்டும். சத்தமும் உதைப்பும் குறைவு, மலிவு, கை பழக அதைவிட நல்லது இல்லை. 9 மி.மீ. இருக்கட்டும். அது இருக்கும்போது .45 எதற்கு? இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. .45தான் நல்லது, 9தான் நல்லது என்று அமெரிக்கர்கள் மூன்று தலைமுறையாக வாதாடுகிறார்கள். நம் பையனும் அதில் நின்று கத்தட்டும், வீட்டில் ஒன்று இருந்தால் போதும். .38 ரிவால்வர் அழகான சாமான்தான். ஆனால் மூன்றாவது கைத்துப்பாக்கி, மூன்றாவது வகைத் தோட்டா.

ரைபிளில் .223, .30-06 இரண்டில் எது? மான் வேட்டைக்கு வருடா வருடம் போகிறானென்றால் .30-06 நிற்கட்டும். 1906 முதல் இருந்து வருகிற தோட்டா அது, கிடைக்காமல் போகாது. வேட்டைக்கே போகாமல், போவேன் போவேன் என்று ஐந்து வருடமாகச் சொல்கிறவனென்றால் அதையும் விட்டு விடலாம். இதை அவன் மனைவியிடம் கேளுங்கள், உண்மை அங்கேதான் வரும்.

12 போரா 20 போரா என்பதையும் அந்தப் பெண்ணிடமே விட்டு விடுங்கள். 12 போர் தோளில் இடிக்கும் இடி மெலிந்தவர்களுக்கு ஆகாது. 20 போர் பொதுவாக எடை குறைவு, இடியும் குறைவு. அவளும் சுடுகிறவளென்றால் 20ஐ வைத்துக் கொண்டு 12ஐ விற்று விடட்டும். அவள் தொடுவதே இல்லையென்றால் 12 இருக்கட்டும். இரண்டும் ஒரு கூரையின் கீழ் வேண்டாம். விற்பதையெல்லாம் அறிந்தவர் தெரிந்தவர் என்று கையில் கொடுக்காமல், உரிமம் பெற்ற வியாபாரி வழியாக எழுத்தில் விற்கட்டும். மிஞ்சுகிற வகை ஒவ்வொன்றும் தனிப் பெட்டியில், பெரிய எழுத்தில் எண் எழுதி, பூட்டில் இருக்க வேண்டும். துப்பாக்கியின் பூட்டு வேறு, தோட்டாவின் பூட்டு வேறு. வீட்டில் பிள்ளை இருக்கிறதே!

அந்த ஜப்பானிய ரைபிளை மட்டும் விற்கச் சொல்லாதீர்கள். போர் முடிந்ததும் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு எடுத்துப் போனவை அப்படி நிறைய உண்டு. குழலின் மேல் சாமந்திப்பூ முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது ஜப்பானியச் சக்கரவர்த்தியின் அடையாளம். சரணடையும்போது ஒப்படைத்தவற்றில் பெரும்பாலும் அந்தப் பூவை அராவி எடுத்து விட்டார்கள். பூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாலீஷ் போட்டுப் புதிதாக்க வேண்டாம். சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பிய நம் தாத்தாக்கள் காவல்காரர்களின் தோளில் பார்த்தது இந்த இனத் துப்பாக்கியைத்தான். அது சுவரில் இருக்கட்டும். அதற்குத் தோட்டா ஒன்றுகூட வாங்க வேண்டாம். வாங்காவிட்டால் அது கணக்கில் ஒரு வகையாகவே சேராது.

இந்தியாவில் உங்கள் சொந்தக்காரர் யாராவது, "இங்கே மட்டும் என்னவாம்" என்று கேட்டால் சொல்லி வையுங்கள். அங்கே .303, 9 மி.மீ. போன்ற படைத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குக் கிடையாது. அதனால்தான் அரசாங்கத் தொழிற்சாலைகள் .315 என்றும் .32 என்றும் தனி அளவில் செய்து விற்றன. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஓர் ஆளுக்கு மூன்றாக இருந்த துப்பாக்கி எண்ணிக்கையை இரண்டாகக் குறைத்து விட்டார்கள். எத்தனை வகை என்று யோசிக்கும் சிரமமே இல்லை!

இனி அந்தக் கடைசி வரி. தீபாவளிக்கு வரும்போது வகைக்கு ஒரு தோட்டா.

பெரியவரே, இதை விளையாட்டாக விட்டு விடாதீர்கள். அமெரிக்காவில் தோட்டா, ஆணி, திருகு மாதிரிக் கடைச் சரக்கு. அங்கே பத்து வருடம் இருந்தவனுக்கு அது அப்படியே மனத்தில் பதிந்து போயிருக்கும். இங்கே துப்பாக்கி இல்லாமல் வெறும் தோட்டா ஒன்று பையில் இருந்தாலும், 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். இல்லாவிட்டால் ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் உள்ளவர்கூட அதில் எழுதிய அளவுக்கு மேல் வைத்திருந்தால் குற்றம்தான். சட்டவிரோதமாகத் துப்பாக்கியே வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும். வெடித்த பின் மிஞ்சும் வெறுங்கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டிக் கொண்டு வருவதும் வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக் கொண்டு விளக்கம் சொல்லும் நிலை எதற்கு?

நம்மில் மூத்தவர்களுக்கு இது வெறும் சட்டப் புத்தகச் செய்தி அல்ல. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி, ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிரைக் காப்பாற்ற இந்திய அரசாங்கம் முயன்றும் பயனில்லை. ஆறு தோட்டா என்பது ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அந்த அவசரகாலச் சட்டம் இன்று இல்லை. ஆனாலும் அந்தத் தலைமுறை வளர்த்த வீடுகளில், தரையில் பித்தளையாய் எதாவது பளபளத்தால் பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்வார்கள். டெக்சஸில் வளரும் பிள்ளைக்கு அதை யாராவது சொல்லித்தானே தெரியும்?

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. காலமான தாத்தாவின் பெட்டியில், உரிமத்தோடு வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியின் தோட்டா நாலைந்து கிடக்கலாம். அவருடைய உரிமம் அவரோடு போயிற்று, பேரனுக்கு வராது. அதை எடுத்துக் கொண்டு போலீஸ் நிலையத்துக்கு நடக்கவும் வேண்டாம். போன் செய்து, இருக்கும் இடத்தைச் சொல்லி, அவர்களை வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். மறுநடவுக்காக மண் தோண்டும்போது துருப்பிடித்த குண்டோ தோட்டாவோ தென்பட்டாலும் அப்படியே. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டால் நாலு வெள்ளி கிடைக்கும் என்று தட்டிப் பார்க்காதீர்கள். எழுபது, எண்பது வருடம் மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து செத்து விட்டதென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பெரியவர் இதைக் கடிதமாக எழுதி அனுப்பிக் கொண்டிருக்க வேண்டாம். டெக்சஸில் காலை எட்டு மணியென்றால் நமக்கு இரவு ஒன்பது, பத்து மணி இருக்கும். அவன் வேலைக்குக் கிளம்புமுன் போனில் பிடித்துப் பேசுங்கள். முதலில் அந்தத் தீபாவளித் தோட்டாவை நிறுத்துங்கள். அடுத்து, பத்தாவது துப்பாக்கிக்கு முன்பணம் கொடுத்து விட்டானா என்று கேளுங்கள். 12 போர், 20 போர்க் கதையை அக்காளையும் பக்கத்தில் வைத்துக் கொண்டு சொல்லுங்கள். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பையன் பதில் சொல்லி முடிப்பதற்குள், அலமாரியில் இரண்டு குறைந்தாலும் ஆச்சரியமில்லை.